சித்திரை விடுமுறையும் ஒழுகும் கூரையும்

ஏப்ரல் முதலாம் திகதி பாடசாலை வாத்தியக் குழுக்களின் அணிவகுப்போடு நுவரெலியாவில் வசந்த காலம் தொடங்கும். கிரகரி வாவியில் படகுகள், விக்டோரியா பூங்காவில் மலர்க் கண்காட்சி, பந்தயத் திடலில் குதிரைகள், மஹகஸ்தொட்டையில் கார் ஏற்றம் என்று ஒரு மாதத்துக்கு ஊர் தூங்காது. கொழும்பிலிருந்து வரும் வாகனங்கள் நானுஓயாப் பாதையில் மணிக்கணக்காக ஊரும். நாடு முழுவதற்கும் அது விடுமுறை முகாம். அதே நாட்களில்தான் முதலாம் தவணை முடிந்து தோட்டத்துப் பாடசாலைகளும் மூடுகின்றன. அதே நாட்களில்தான் மாலை இடியோடு மழை இறங்கி, மலையில் கொழுந்து மண்டத் தொடங்குகிறது. வருடத்தில் பறிக்க அதிகம் கிடைக்கும் காலம் அது என்பதால் தாய்மார் விடியலில் பிரட்டுக்களத்துக்குப் போனால் இருட்டும்போதுதான் திரும்புவார்கள். கைக்குழந்தை பிள்ளைக் காம்பராவுக்குப் போகும். பத்து வயதுக்காரி தம்பியைப் பார்த்துக்கொண்டு லயத்தில் இருப்பாள். பதின்மூன்று வயதுக்காரன் எங்கே இருப்பான் என்று யாருக்கும் தெரியாது. ஊரெல்லாம் விடுமுறைக்கு வந்து தங்கும் மலையில், அந்த மலையின் பிள்ளைகளுக்கு விடுமுறையில் போக ஓர் இடமில்லை.

விடுமுறை முகாம் மலையகத்துக்குப் புதியது என்று யாரும் சொல்ல முடியாது. இலங்கையில் சாரணர் இயக்கம் தொடங்கியதே 1912இல் மாத்தளையில்தான். நுவரெலியா பெதுரு மலைப்பக்கம் சாரணர்களுக்கு முகாம் நிலையமும் இருக்கிறது. தேவாலயங்கள் ஏப்ரலில் விடுமுறை வேதாகமப் பாடசாலை நடத்துகின்றன. அறநெறிப் பாடசாலைகளும் தோட்ட இளைஞர் கழகங்களும் விளையாட்டு, நாடகம், ஓவியம் என்று தம்மால் இயன்றதைச் செய்கின்றன. ஆசிரியர் ஒருவர் ஆர்வத்தால் தொடங்கிய முகாம், அவர் இடமாற்றம் பெற்றுப் போகும்வரை நடக்கும். முதல் வருடத்துக்குக் காசு கிடைத்துவிடுகிறது. ஹட்டன் நகரக் கடைக்காரர்கள் கேட்டால் இல்லையென்று சொல்வதில்லை. ஏழாவது வருடம்தான் சிக்கல். அப்போது தகரக் கூரை துருப்பிடித்திருக்கும், தண்ணீர்த் தாங்கியில் வெடிப்பு, பெண் பிள்ளைகளின் மலசலகூடத்துக்குக் கதவில்லை, பாய்கள் நைந்துபோயிருக்கும். புதிதாக ஒன்றைத் தொடங்கப் பத்துப் பேர் முன்வருவார்கள். இருப்பதைப் பழுதுபார்க்க ஒருவரும் வருவதில்லை. மலையகத்தில் முகாம்கள் நிலைக்காமல் போவதற்குப் பணப்பற்றாக்குறையைக் காரணம் காட்டுவது பாதி உண்மைதான் என்பது என் வாதம். பணத்தை எதற்காக, யாரிடம், எந்த முறையில் கேட்கிறோம் என்பதில்தான் கோளாறு.

உலகில் இந்த முகாம்கள் பிறந்த கதையிலேயே இதற்கு ஒரு வெளிச்சம் இருக்கிறது. 1876இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்துப் போதகர் வால்டர் பியோன், நெருக்கடியான குடியிருப்புகளில் வாடிய 68 ஏழைப் பிள்ளைகளை அப்பென்செல் மலைக்கு அழைத்துப் போனார். செலவுக்குப் பொதுமக்களிடம் கேட்டார். அடுத்த வருடம் அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் ஷெர்மன் என்ற சிற்றூரில் வில்லர்ட் பார்சன்ஸ் என்ற போதகர், நியூயோர்க் சேரிப் பிள்ளைகளைச் சில நாட்கள் வீட்டில் வைத்துக்கொள்ளும்படி தன் சபையாரைக் கேட்டார். சில ஆண்டுகளில் அந்த முயற்சிக்கு நியூயோர்க் ட்ரிபியூன் நாளிதழ் தோள்கொடுத்தது. ஒவ்வொரு கோடையிலும் வாசகரிடம் நன்கொடை கேட்பது வழக்கமாயிற்று. அந்த நிதியம் இன்றும் இயங்குகிறது. ஒன்றரை நூற்றாண்டாக அது தாக்குப்பிடித்ததற்குப் பெரிய கொடையாளி ஒருவரைக் காரணமாகச் சொல்ல முடியாது. வருடந்தோறும் கேட்டார்கள், வருடந்தோறும் கொடுத்தார்கள். கொடுப்பது ஒரு பருவகால வழக்கமாகவே ஆகிவிட்டது. நாளிதழ்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று ஒரு நாளிதழிலேயே எழுதுவது சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சூரிச், நியூயோர்க் பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டது மலைக்காற்று. நம் பிள்ளைகள் அந்தக் காற்றிலேயே பிறந்தவர்கள். ஆறாயிரம் அடி உயரத்தில் வாழும் பிள்ளைக்கு முகாம் எதற்கு என்று ஒருவர் கேட்டால் நியாயமான கேள்விதான். காற்றுக்காக அல்ல, பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவுக்கு வெளியே நாள் முழுவதும் தன்னைக் கவனிக்கும் பெரியவர் ஒருவருக்காக. பால்டிமோர் நகரப் பிள்ளைகளை 1982இலிருந்து பல ஆண்டுகள் பின்தொடர்ந்த கார்ல் அலெக்சாண்டரும் டொரிஸ் என்ட்விசிலும், பாடசாலை நடக்கும் மாதங்களில் ஏழைப் பிள்ளையும் வசதியான பிள்ளையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் கற்கிறார்கள், இடைவெளி விரிவது விடுமுறையில்தான் என்று எழுதினார்கள். பிறகு வந்த ஆய்வாளர்கள் வேறு சோதனைகளை வைத்துப் பார்த்தபோது அந்த முடிவு அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை என்றும் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவின் பத்து வார விடுமுறையை நமது இரண்டு மூன்று வார விடுமுறையோடு ஒப்பிடவும் முடியாது. ஆகவே அந்த ஆய்வை மட்டும் நம்பி நான் முகாமுக்கு வாதாடவில்லை. விடுமுறையில் தோட்டப் பிள்ளையின் பக்கத்தில் யாரும் இல்லை என்பதற்கு ஆய்வு தேவையில்லை. காலை எட்டு மணிக்கு எந்த லயத்தையும் போய்ப் பார்த்தால் போதும்.

இனி பணத்துக்கு வருவோம். மலையகம் உதவி காணாத பூமி அல்ல. 1980களின் நடுப்பகுதியிலிருந்து சுவீடனின் நிதியில் தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டிடங்கள் எழுந்தன. ஜெர்மனியின் துணையோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. டிக்கோயாவில் இந்தியா கட்டிக்கொடுத்த 150 கட்டில்கள் கொண்ட மருத்துவமனையை 2017 மே மாதம் இந்தியப் பிரதமரே வந்து திறந்துவைத்தார். இவை இல்லாதிருந்தால் மலையகம் இன்னும் இரண்டு தலைமுறை பின்தங்கியிருக்கும்; அதில் ஐயமில்லை. ஆனால் வெளியிலிருந்து வரும் பணத்துக்கென்று ஓர் இயல்பு உண்டு. அதற்குத் தொடக்கமும் முடிவும் வேண்டும், திரைநீக்கம் செய்ய ஒரு பெயர்ப்பலகை வேண்டும், அறிக்கையில் எழுத ஓர் எண்ணிக்கை வேண்டும். திட்ட காலம் முடிந்ததும் வாகனங்கள் திரும்பிவிடும். கூரைத் தகரத்துக்கு மேல் மழை மட்டும் திரும்பாது. நமது ஊர்ச் செல்வந்தரும் இந்த இயல்பைத்தான் பழகிக்கொண்டார். புலமைப்பரிசில் கருத்தரங்குக்குக் காசு கேட்டால் கொடுப்பார், ஏனென்றால் பெறுபேறு வந்ததும் படம் வரும். மலசலகூடக் குழி நிரம்பிவிட்டது என்று கேட்டால் அடுத்த மாதம் வாருங்கள் என்பார். குழி நிரம்பியதற்கு யாரும் பதாகை கட்டுவதில்லை.

இதற்கு மாற்று எங்கே இருக்கிறது என்று வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை, தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. மாசியில் காமன் கம்பம் ஊன்றுகிறார்கள். வளர்பிறை நாட்கள் முழுவதும் இரவிரவாகக் கூத்து நடக்கிறது. காமன் எரிந்து மீண்டு எழும்வரை விளக்கு, ஒப்பனை, தப்பு, சாப்பாடு எல்லாவற்றுக்கும் செலவுண்டு. ரதி வேடமும் மதன் வேடமும் பல தோட்டங்களில் குடும்பம் குடும்பமாகக் கைமாறி வருகின்றன. அமைச்சோ தூதரகமோ ஒரு சதம் கொடுக்காமல் இது நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. மாரியம்மன் கோயில் திருவிழாவும் அப்படித்தான்: வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு, அதற்கு மேல் உபயம், கொடுக்க முடியாதவருக்கு ஒரு நாள் உடல் உழைப்பு, கடைசியில் கோயில் வாசலில் கணக்கு வாசிப்பு. மரண உதவிச் சங்கத்துக்கு மாதம் தவறாமல் சந்தா கட்டும் குடும்பங்கள் வேறெந்தக் கடனையும் தள்ளிப்போடுவார்கள், அதைத் தள்ளிப்போடமாட்டார்கள். இவற்றில் ஒரே பொறிமுறைதான் வேலை செய்கிறது. தொகை சிறிது. கொடுப்பவர் பலர். வருடம் தவறாது. கணக்கு எல்லோர் காதிலும் விழும். கெட்டிக்கார முகாமையாளர்கள் பெரிய சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்லித்தரும் நிதி திரட்டும் உத்திகளில் இதைவிட உறுதியானது ஒன்றை நான் கண்டதில்லை.

உடனே வரும் மறுப்பு எனக்குத் தெரியும். நாட்சம்பளத்துக்காகவே வருடக்கணக்கில் போராடும் மக்களிடம் முகாமுக்கும் சந்தா கேட்பதா? 2024 செப்டெம்பரில்தான் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அரசு தரும் 200 ரூபா வரவுக் கொடுப்பனவையும் சேர்த்து 1,750 ஆக்குவதாக அறிவித்தார்கள். 2019ஆம் ஆண்டின் குடும்ப வருமான செலவினக் கணக்கெடுப்பில் நாட்டின் வறுமை வீதம் 14.3 ஆக இருந்தபோது பெருந்தோட்டத் துறையில் 33.8 ஆக இருந்தது. அதற்குப் பிறகு வந்த நெருக்கடியைச் சொல்லவே வேண்டாம். மறுப்பு சரியானது. சம்பளப் பதிவேடான செக்ரோலில் கைவைத்து முகாமுக்குப் பிடித்தம் செய்வதை நான் ஒப்பமாட்டேன். ஏற்கெனவே அந்தத் தாளில் பிடித்தங்கள் போதுமானவை இருக்கின்றன. நான் எடுத்துக்கொள்ளச் சொல்வது கோயிலின் முறையை. கோயில் கேட்கும் ஆட்களையே கேட்கச் சொல்லவில்லை. இன்று தோட்டத்தோடு தொடர்புள்ளவர்களில் பெரும் பகுதியினர் தோட்டத்தில் இல்லை. கொழும்பில் கடை வைத்திருப்பவர், ஹட்டனிலும் தலவாக்கலையிலும் வியாபாரம் செய்பவர், ஆசிரியராகவும் வங்கி உத்தியோகத்தராகவும் ஆனவர், வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருப்பவர், நீலகிரிக்குத் திரும்பிப்போனவரின் பேரப்பிள்ளை என்று அவர்கள் பரந்து கிடக்கிறார்கள். திருவிழாவுக்கு அவர்கள் வருகிறார்கள், உபயம் போடுகிறார்கள். பிள்ளைகளின் முகாமுக்கு மட்டும் யாரும் அவர்களை முறையாகக் கேட்டதில்லை.

கணக்குக்காக ஒன்றை வைத்துப் பார்ப்போம். ஒரு முகாமோடு பந்தமுள்ள முந்நூறு பேர் மாதம் 500 ரூபா கொடுத்தால் வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா. அறுபது பிள்ளைகளுக்குப் பதினான்கு நாள், ஆளுக்கு நாளொன்றுக்கு ஆயிரம் ரூபா என்று சாப்பாட்டுக்கு ஒதுக்கினாலும் 8 இலட்சத்து 40 ஆயிரம்தான் போகும். மீதியில் ஒரு பகுதியைக் கூரைக்கும் தண்ணீருக்கும் கழிப்பிடத்துக்கும் என்று தனியாகப் பூட்டிவைக்கலாம். முந்நூறு பேரைச் சேர்ப்பது எளிதல்ல. ஒரு பெரிய புள்ளியைப் பிடித்து 18 இலட்சத்தை ஒரே காசோலையில் வாங்குவது அதைவிடச் சுலபம். ஆனால் அவர் மனம் மாறினால் முகாம் அன்றோடு முடிந்தது. முந்நூறு பேரில் முப்பது பேர் விலகினால் மூன்று நாள் சாப்பாட்டுக் காசு குறையும், அவ்வளவுதான். அதுமட்டுமல்ல, முந்நூறு பேர் என்றால் முந்நூறு சோடிக் கண்கள், கணக்குக் கேட்கும் முந்நூறு வாய்கள். காசைவிட எனக்கு அது பெரிதாகத் தெரிகிறது.

காசாகக் கொடுக்க முடியாதவர் கையால் கொடுக்கலாம். இந்த வழிக்கும் நம் அருகிலேயே முன்மாதிரிகள் இருக்கின்றன. 1958 டிசம்பரில் கொழும்பு நாலந்தா கல்லூரியின் மாணவர்களை அழைத்துக்கொண்டு ஆசிரியர் ஏ. டி. ஆரியரத்ன குருநாகல் மாவட்டத்தின் கனத்தொலுவ கிராமத்தில் நடத்திய சிரமதான முகாமிலிருந்துதான் சர்வோதய இயக்கம் வளர்ந்தது. அதே காலத்தில் தமிழ்நாட்டில் கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு, காமராசர் ஆட்சியின் ஆதரவோடு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர் ஊராக நடத்தினார். மேசை, கடிகாரம், கரும்பலகை, சுண்ணாம்பு, மதிய உணவுக்கு அரிசி என்று மக்கள் தம் பள்ளிக்குத் தாமே கொடுத்தார்கள். வறுமை அப்போதும் இருந்தது. இன்னது வேண்டும், இத்தனை வேண்டும் என்று பட்டியல் போட்டுக் கேட்டதுதான் அந்த மாநாடுகளின் பலம். “முகாமின் வளர்ச்சிக்கு உதவுங்கள்” என்றால் யாருக்கும் கை நீளாது. “பன்னிரண்டடித் தகரம் நாற்பது வேண்டும், இருபது சேர்ந்துவிட்டது” என்றால் நீளும். மேசன் வேலை தெரிந்த இளைஞர்கள் தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கிறார்கள். கொழும்பில் மாடிக் கட்டிடம் எழுப்புபவர்களில் அவர்களும் உண்டு. சித்திரைப் புதுவருடத்துக்கு ஊர் வரும் அவர்களின் இரண்டு நாள் உழைப்பு ஒரு கூரைக்குப் போதும்.

அரசும் கம்பனியும் செய்ய வேண்டியதை மக்கள் தலையில் கட்டுவதா என்பது அடுத்த மறுப்பு. தொழிற்சங்க மேடையில் இது இன்னும் உரத்த குரலில் ஒலிக்கும். இதில் உள்ள நியாயத்தை வரலாறே தருகிறது. 1907, 1920ஆம் ஆண்டுச் சட்டங்கள் தோட்டப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கின. 1940களில் வந்த இலவசக் கல்வியின் பலன் தோட்டத்து எல்லையிலேயே நின்றுவிட்டது. 1977இலிருந்துதான் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டி ஏழு தசாப்தங்கள் போயின; இடையில் 1948இன் குடியுரிமைச் சட்டம் கேட்கும் வாயையும் அடைத்தது. ஆகவே உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லும் எந்த வாதத்தையும் நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அரசிடமும் கம்பனியிடமும் எதைக் கேட்பது என்பதில் தெளிவு வேண்டும். அவர்களிடம் சாப்பாட்டுக்குக் காசு கேட்டு வருடாவருடம் கந்தோர் வாசலில் நிற்பதைவிட, நிலத்தைக் கேட்க வேண்டும். பெருந்தோட்டக் காணி அரசுக்குரியது. பிராந்தியக் கம்பனிகளிடம் அது 2045வரை குத்தகையில் இருக்கிறது. கைவிடப்பட்ட பங்களாவிலோ பழைய பாடசாலைக் கட்டிடத்திலோ முகாம் நடக்கிறதென்றால், அது முகாமையாளரின் நல்ல மனதில் நடக்கிறது. துரை மாறினால் திறப்பும் மாறும். உரிமை எழுத்தில் இல்லாத இடத்துக்குக் கூரை போட எந்தக் கொடையாளி துணிவார்? குத்தகை முடியும்வரைக்குமான ஓர் எழுத்து உடன்படிக்கை, ஒரு கம்பனி கொடுக்கும் எந்தக் காசோலையையும்விடப் பெறுமதியானது. கம்பனிக்கு அதில் செலவும் இல்லை.

நுவரெலியா மாநகர சபையிடமும் ஹோட்டல்களிடமும் கேட்க ஒன்றிருக்கிறது. வசந்த காலத்தில் வாகனத் தரிப்பிடமும் தற்காலிகக் கடைகளும் களியாட்ட அனுமதிகளும் வருமானம் தருகின்றன. பயணிகள் பார்க்க வருவது வாவியை மட்டுமல்ல; பச்சைப் பாய் விரித்தாற்போல் இருக்கும் தேயிலை மலையையும்தான். அந்தப் பாயை நாள்தோறும் கையால் நெய்பவர்களின் பிள்ளைகளுக்கு அந்த வருமானத்தில் ஒரு சிறு பங்கைத் தீர்மானம் நிறைவேற்றி ஒதுக்குவது தர்மமாகாது, கூலிப்பாக்கி. அதற்கு மேல் இதை விளக்கத் தேவையில்லை.

பெரிய மூலதனமாகத் திரட்டி வங்கியில் நிலையான வைப்பில் போட்டு, வட்டியில் முகாமை நடத்தினால் வருடாவருடம் கையேந்த வேண்டாமே என்று சிலர் சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. 2022இல் என்ன நடந்தது? டொலருக்கு இருநூறு ரூபாவாக இருந்தது சில வாரங்களில் முந்நூற்று அறுபதைத் தொட்டது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. ரூபாவில் பூட்டிவைத்திருந்த ஒவ்வொரு நற்பணி நிதியும் யாரும் திருடாமலே கரைந்தது. ஒரு தகரத்தின் விலைக்கு முன்னர் இரண்டு வாங்கினோம் என்று சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை. ஒரு வருடச் செலவுக்குச் சமமான தொகை அவசரத்துக்குக் கையிருப்பில் இருக்கட்டும். அதற்கு மேல் சேர்வதைக் கூரையாகவும் தண்ணீர்க் குழாயாகவும் மாற்றிவிடுவது நல்லது. பணவீக்கம் தகரத்தைத் தின்பதில்லை. விலைவாசியோடு சேர்ந்து ஏறக்கூடிய ஒரே நிதி, கொடுப்பவரின் மாதாந்தச் சந்தாதான்.

பசி இருக்கும் இடத்தில் முகாம் ஓர் ஆடம்பரம் என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். 2016ஆம் ஆண்டின் சனத்தொகை சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளில் 31.7 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள்; நாட்டுச் சராசரி 17.3. இதைப் படித்துவிட்டுக் கூடாரமும் பாட்டும் பற்றிப் பேச மனம் வராதுதான். ஆனால் முகாம் என்றால் முதலில் மூன்று வேளைச் சாப்பாடு. ஐரோப்பாவின் பழைய விடுமுறை முகாம்களில் பிள்ளைகள் வரும்போதும் போகும்போதும் எடை பார்ப்பது வழக்கம். முகாம் வென்றதா என்பதற்கு அதுதான் சான்று. பாடசாலை மூடும்போது மதிய உணவும் நின்றுபோகும் பிள்ளைக்கு, முட்டையும் பருப்பும் கீரையும் கிடைக்கும் இரண்டு வாரம் ஆடம்பரமா? நம் முகாம்களும் ஒரு தராசு வாங்கட்டும். நன்கொடையாளருக்கு அனுப்பும் அறிக்கையில் படங்களுக்குப் பதிலாக அந்த எடைகள் எவ்வளவு கூடின என்பது இருக்கட்டும்.

படம் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மலையகத்துக்கென்று நிதி கேட்கும் ஒவ்வொரு துண்டுப்பிரசுரத்திலும் கூடை சுமக்கும் தாய், மூக்கு ஒழுகும் பிள்ளை, இடிந்த லயம். இரக்கம் ஒரு தடவை கொடுக்கும். இரண்டாம் தடவை அதே படத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பும். அந்தப் பிள்ளை பதினைந்து வயதில் தன் முகத்தை ஏதோ ஒரு கைபேசியில் பிச்சைக்கான சான்றாகக் காணும்போது என்ன நினைக்கும் என்று அச்சடித்தவர் யோசித்தாரா? பிள்ளையின் முகத்தை விற்காமல் நிதி திரட்ட முடியாதவர்கள் முகாம் நடத்தத் தேவையில்லை. இதோடு சேர்ந்ததுதான் பாதுகாப்பும். இரவில் தங்கும் முகாம் என்றால் பெண் பொறுப்பாளர்கள், தாழ்ப்பாள் உள்ள கழிப்பிடம், வெளியாட்களின் வரவுப் பதிவு, குளவிக் கூடு பார்த்துத் தெரிவுசெய்த விளையாட்டுத் திடல், நல்ல முதலுதவிப் பெட்டி எல்லாம் வேண்டும். இவை எதற்கும் திறப்பு விழா கிடையாது. நிதியின் முதல் ரூபா இவற்றுக்கே போக வேண்டும்.

கடைசியாக, மலையகத்தில் “முகாம்” என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது உயிர் தப்பியவர்கள் போய்த் தங்கிய இடத்தின் பெயர் முகாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களைப் புரட்டியபோதும் பாடசாலை மண்டபங்களும் கோயில்களும் முகாம்களாயின. பிள்ளைகளுக்காக நல்ல நிலையில் வைத்திருக்கும் ஒரு மண்டபம், அதில் வேலை செய்யும் தண்ணீர்க் குழாய், பெரிய அடுப்பு, அறுபது பாய், பூட்டுள்ள கழிப்பிடம்—சித்திரையில் அது விளையாட்டு முகாம்; ஐப்பசி கார்த்திகையில் மண் சரிந்தால் அதுவே உயிர்காக்கும் இடம். ஆகவே தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திடம் நிலத்தின் உறுதியைப் பரிசோதித்து எழுத்தில் வாங்காமல் ஒரு செங்கல்லும் வைக்கக்கூடாது. அந்தப் பரிசோதனையும் கூரையும் பராமரிப்பும் பிள்ளைகளுக்காக மட்டுமல்ல, முழுத் தோட்டத்துக்குமானவை என்று சொன்னால் பிரதேச செயலகத்தின் அனர்த்த நிதியின் கதவையும் தட்ட வழி பிறக்கும்.

தைப்பொங்கலுக்கும் முதலாம் தவணை முடிவதற்கும் இடையில் ஏறத்தாழ மூன்று மாதம் இருக்கிறது. ஏதாவது ஒரு முகாமில் சிறுவயதில் பாய் விரித்துப் படுத்து, இன்று தோட்டத்தைவிட்டு வெளியே சம்பாதிப்பவர்கள், அந்த முகாம் இன்னும் நடக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். நடந்தால் கூரை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பிறகு மாதம் 500 ரூபாவுக்கு ரசீது எழுதச் சொல்லுங்கள். வருடக் கடைசியில் கணக்கையும் கேட்டு வாங்குங்கள்.